மச்சான் வாங்காத கடிதம்

என் மகளுக்கு ஒன்பது வயது. நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் ஹல் நகரத்தில். சென்ற ஆண்டு அவள் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க ‘குற்றமும் தண்டனையும்’ என்று வரலாற்றுப் பாடம் நடந்தது. ரோமானியர்கள் திருடனை என்ன செய்தார்கள், விக்டோரியா மகாராணி காலத்தில் என்ன செய்தார்கள் என்று போகும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெயரைக் கொடுத்து, விசாரித்து எழுதி வரச் சொன்னார்கள். இவளுக்கு வந்தது டிக் டர்பின், வழிப்பறிக் கொள்ளைக்காரன்.

“இவனா? எனக்குத் தெரியுமே” என்று நான்தான் முந்திக்கொண்டேன். முகமூடி, மூன்று முனைத் தொப்பி, இடுப்பில் இரண்டு துப்பாக்கி. பிளாக் பெஸ் என்ற கறுப்புக் குதிரையில் லண்டனிலிருந்து யார்க் வரை ஒரே மூச்சில் இருநூறு மைல் பறந்தான், யார்க் வாசலில் குதிரை விழுந்து செத்தது. இந்த நாட்டில் கொஞ்ச காலம் இருந்தால் இது தானாகக் காதில் விழுந்துவிடும். அவளும் அட்டை நிறையக் குதிரை வரைந்து கொண்டு போனாள்.

ஆசிரியை கேட்டது ஒரே கேள்வி. “இதை உனக்கு யார் சொன்னார்கள்?” “அப்பா.” “அப்பாவுக்கு யார் சொன்னார்கள்?” மாலையில் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நாலு மாதம், கிடைத்த சனிக்கிழமைகளில் எல்லாம் இருவரும் அந்தத் திருடன் பின்னால் அலைந்தோம். பிள்ளையோடு இப்படி ஒரு வரலாற்று ஆளைத் தேடிப் போக நினைப்பவர்களுக்கு நாங்கள் இடறி விழுந்த இடங்கள் கொஞ்சம் உதவலாம்.

குதிரைச் சவாரியிலிருந்துதான் ஆரம்பித்தோம். முதலில் “இது நடந்ததா இல்லையா” என்று தேடினேன். அது தப்பான கேள்வி. ஆமாம் என்பவர்கள் பாதி, இல்லை என்பவர்கள் பாதி, நடுவில் பிள்ளைக்குக் கொட்டாவி வந்துவிடும். “இதை முதன்முதலாக எப்போது எழுதினார்கள்” என்று கேள்வியை மாற்றியதும் ஒரே சாயங்காலத்தில் முடிச்சு அவிழ்ந்தது. டர்பினைத் தூக்கிலிட்டது 1739இல். அவன் கறுப்புக் குதிரையில் யார்க்குக்குப் போன கதையைப் பிரபலமாக்கியது 1834இல் வந்த ஒரு நாவல். இடைவெளி 95 வருடம். அதைவிட வேடிக்கை, அந்தச் சவாரிக்கு ஏற்கெனவே வேறு சொந்தக்காரன் இருந்தான். நெவிசன் என்ற இன்னொரு வழிப்பறிக்காரன் 1676இல் கென்ட்டில் கேட்ஸ் ஹில்லில் விடிகாலையில் கொள்ளையடித்துவிட்டு, அன்று சாயங்காலமே யார்க்கில் மேயரோடு பேச்சுக் கொடுத்து மணி கேட்டுக்கொண்டான், அதையே சாட்சியாக்கித் தப்பித்தான் என்று கதை. இது 1720களிலேயே அச்சில் வந்துவிட்டது. அப்போது டர்பின் கறி வெட்டிக்கொண்டிருந்த இளவட்டம்.

ஒரு நீளக் காகிதத்தில் கோடு போட்டு 1676, 1720கள், 1739, 1834 என்று குறித்துச் சுவரில் ஒட்டினோம். அதற்குப் பிறகு கிடைத்த ஒவ்வொரு தகவலையும் அந்தக் கோட்டில் எங்கே வைப்பது என்று அவளே கேட்க ஆரம்பித்தாள்.

சரி, குதிரை போய்விட்டது. மீதி என்ன இருக்கிறது என்று பார்த்தால் அழகான எதுவும் இல்லை. டர்பின் எஸ்ஸெக்ஸில் ஹெம்ப்ஸ்டெட் கிராமத்துக்காரன். 1705 செப்டம்பரில் ஞானஸ்நானம். அப்பாவும் கசாப்புக்காரர், சாராயக் கடையும் வைத்திருந்தார். மகனும் அதே தொழில். காட்டில் மான் திருடும் ஒரு கூட்டத்துக்குத் திருட்டு இறைச்சியை விற்றுத் தர ஒரு கசாப்புக்காரன் தேவைப்பட்டான், உள்ளே போனது அந்த வழியில்தான். பிறகு அந்தக் கூட்டம் மானை விட்டுவிட்டு வீடு புகுந்து கொள்ளையடிக்கத் தொடங்கியது. 1735 பிப்ரவரியில் லவுட்டன் என்ற ஊரில் ஒரு விதவை மூதாட்டியை, பணம் எங்கே என்று சொல்லாவிட்டால் நெருப்பில் வைத்துவிடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். சில நாளில் எட்ஜ்வேரில் ஒரு வயதான விவசாயி வீட்டில் நடந்தது அதைவிட மோசம்.

இங்கே எனக்கு ஒரு தயக்கம் வந்தது. எவ்வளவு சொல்வது? முதியவர்களை அடித்துத் துன்புறுத்திப் பணம் பறித்தார்கள் என்று சொன்னேன். அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்லவில்லை, இன்னும் சில வருடம் கழித்துச் சொல்லலாம். ஆனால் ஒன்று, ஆவணத்தை முதலில் நாம் தனியாகப் படித்துவிட வேண்டும். நான் முதல் தடவை அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சத்தம்போட்டு வாசித்து, நடு வாக்கியத்தில் இருமல் வந்ததுபோல் நடித்து நிறுத்தினேன்.

எனக்குச் சொந்த ஊர் பணகுடிப் பக்கம். எங்கள் பக்கத்துக் கொள்ளைக்காரன் ஜம்புலிங்கத்தின் கதை கேட்டு வளர்ந்தவன். இருக்கிறவனிடம் பிடுங்கி இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்று சொன்னால்தான் எங்கள் ஊரில் கொள்ளைக்காரனுக்குப் பாட்டு. டர்பின் யாருக்காவது ஒரு காசு கொடுத்தான் என்று நான் பார்த்த எந்தக் காகிதத்திலும் இல்லை. இவனுக்கு எப்படி இவ்வளவு பேர் வந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

கூட்டாளிகள் பிடிபட்டார்கள், அவர்களில் இளையவன் அப்ரூவர் ஆனான், பலர் தூக்குக்குப் போனார்கள். தப்பிய டர்பின் எப்பிங் காட்டுப் பக்கம் சாலையில் வழிப்பறிக்கு இறங்கினான். 1737 மே 4ஆம் தேதி, தன்னைப் பிடிக்க வந்த தாமஸ் மாரிஸ் என்பவனைச் சுட்டுக் கொன்றான், அவன் ஒரு வனக்காவலரின் வேலையாள். அதோடு தலைக்கு விலை வந்தது: 200 பவுன். வழிப்பறிக்காரன் ஒருவனைப் பிடித்துக் கொடுத்துத் தண்டனையும் உறுதியானால் 40 பவுன் என்று 1692ஆம் ஆண்டுச் சட்டமே இருந்தது. இவனுக்கு ஐந்து மடங்கு. லண்டன் மாநகரப் போலீஸ் வந்ததே 1829இல்தான். டர்பின் காலத்தில் ஊருக்கு ஊர் சம்பளமில்லாத கான்ஸ்டபிள், அவ்வளவுதான். பிடித்துக் கொடுப்பவனுக்குப் பணம் என்று அறிவித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அந்த அறிவிப்புதான் எங்களுக்குக் கிடைத்த தங்கம். லண்டன் கெசட் என்ற அரசிதழின் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தக் கால அச்சில் ‘எஸ்’ எழுத்து பெரும்பாலும் ‘எஃப்’ போலவே இருக்கும். கணினியும் அப்படியே படித்துவிடும், நாம் தேடும் சொல் அகப்படாது. ‘எஸ்’ இல்லாத பெயரையோ ஊரையோ போட்டுத் தேடுங்கள். அதில் இருக்கும் அங்க அடையாளம் இது: வயது சுமார் முப்பது, தொழில் கசாப்பு, உயரம் 5 அடி 9 அங்குலம், பழுப்பு நிறம், முகமெல்லாம் அம்மைத் தழும்பு, கன்ன எலும்பு அகலம், கீழே போகப் போகக் குறுகும் முகம், அகன்ற தோள். என் மகள் பழைய குதிரைப் படத்தைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இந்த முகத்தை வரைந்தாள். முகமூடி இல்லை. அம்மைத் தழும்புக்குப் பென்சில் முனையால் குத்திக் குத்தி வைத்தாள். எங்கள் ஊர்ச் சந்தையில் மாட்டுத் தரகர் ஒருவர் இருந்தார், அசல் அவரேதான்.

அடுத்தது தலைமறைவு. இதில்தான் எங்களுக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் அவன் ஒளிந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்கூட இல்லை. பிரவ், வெல்ட்டன் என்ற ஹம்பர் கரை ஊர்களில் ஜான் பாமர் என்ற பெயரில் குதிரை வியாபாரியாக நடமாடியிருக்கிறான். பிரவ் ஸ்டேஷனில் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தோம். ஹம்பரில் தண்ணீர் வற்றும் நேரத்தில் சேறுதான் கண்ணுக்கு எட்டிய தூரம். அக்கரையில் மங்கலாக லிங்கன்ஷயர். இன்றைக்குத் தூரத்தில் 1981இல் திறந்த பெரிய பாலம் நிற்கிறது. அவன் காலத்தில் படகுதான்.

புத்தகத்தில் புரியாத விஷயம் ஒன்று அங்கே நின்றதும் புரிந்தது. பாமர் அடிக்கடி அக்கரைக்குப் போய் வந்தான், வரும்போது குதிரைகளோடு வந்தான், இக்கரையில் விற்றான். அக்கரையில் காணாமல் போன குதிரையை இக்கரையில் யார் அடையாளம் சொல்வது? ஆறு தாண்டினால் வேறு ஜில்லா, வேறு நீதிபதி, வேறு சந்தை. “அப்போ இந்தச் சேறுதான் அவனோட மாஸ்க்கா?” என்றாள் மகள். நான் குறித்து வைத்துக்கொண்டேன். அவளே பிறகு அதை அட்டையில் எழுதவும் செய்தாள். முடிந்தால் படிப்பதற்கு முன்னாலேயே இடத்துக்குப் போய்விடுங்கள். மழைக்கு உடை, மாற்றுக் காலுறை இரண்டும் கட்டாயம், இதை நான் எடுத்துப் போகாமல் கற்றேன்.

வெல்ட்டனில் ஒரு பழைய பப் இருக்கிறது. டர்பினைக் கைது செய்தது இங்கேதான் என்று அங்கே சொல்கிறார்கள். உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டோம். சிப்ஸை நம்பலாம். இந்த நாட்டில் பழைய பப்பாக இருந்தால் டர்பின் ஒரு ராத்திரியாவது தங்கியிருப்பான், கணக்குப் போட்டால் அவனுக்குத் திருடவே நேரம் இருந்திருக்காது.

அவன் மாட்டியது எதனால் தெரியுமா? ஒரு சேவலால். 1738 அக்டோபர் 2ஆம் தேதி, வேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பிய பாமர், தெருவில் நின்ற யாருடைய சேவலையோ சுட்டுத் தள்ளினான். “இது நல்லா இல்லையே” என்று கேட்ட ஒருவரைப் பார்த்து, இரு, துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக்கொள்கிறேன், உன்னையும் சுடுகிறேன் என்று மிரட்டினான். விஷயம் நீதிபதிகளிடம் போனது. அவர்கள் கேட்டது நன்னடத்தை ஜாமீன். அதைக் கொடுத்திருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். கொடுக்க மறுத்தான். பெவர்லி ஊர்ச் சிறையில் வைத்துவிட்டு, யாரப்பா இந்தப் பாமர், எந்த ஊர், வருமானம் எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அக்கரையிலிருந்து குதிரைத் திருட்டுச் சந்தேகங்கள் வந்து சேர்ந்தன. அந்த மாதமே யார்க் கோட்டைச் சிறைக்கு மாற்றினார்கள். 200 பவுன் விலையுள்ள ஆள் உள்ளே இருக்கிறான் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. வெறும் பாமர்.

யார்க்குக்கு ஒரு முழு நாள் ஒதுக்கினோம். கோட்டை அருங்காட்சியகம் இருப்பது பழைய சிறைக் கட்டடங்களில். அவற்றில் கடனாளிச் சிறை 1705இல் கட்டி முடித்தது, டர்பின் பிறந்த வருடமே. அவன் கடைசி நாட்களைக் கழித்த அறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். கல் சுவர், வளைந்த கூரை, குளிர். போவதற்கு முன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய கட்டடம், வேலை நடந்துகொண்டே இருக்கும். அந்த அறையில் உட்கார்ந்துதான் கடிதத்தின் கதையை அவளுக்குச் சொன்னேன்.

1739 பிப்ரவரியில், சிறையிலிருந்து பாமர் ஹெம்ப்ஸ்டெட்டில் இருந்த தன் அக்காள் தங்கை வழி மச்சானுக்கு ஒரு கடிதம் எழுதினான். தனக்கு நற்சாட்சி சொல்ல யாரையாவது ஏற்பாடு செய்யச் சொல்லி. அந்தக் காலத்தில் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். அனுப்புகிறவர் ஒரு பென்னிக்குத் தபால் தலை ஒட்டி அனுப்பும் முறை 1840இல்தான் வந்தது. நம் ஊரில் பேரிங் லெட்டர் என்று தபால்காரர் காசு கேட்டு நிற்பாரே, அதேதான். மகளுக்கு இதை விளக்கவே பத்து நிமிடம் ஆனது, அவள் தபால் தலையே வாழ்க்கையில் நாலைந்துதான் பார்த்திருக்கிறாள். மச்சான், யார்க்கில் எனக்குக் கடிதம் போட யாரும் இல்லை என்று காசு கட்ட மறுத்துவிட்டார். கடிதம் சாஃப்ரன் வால்டன் தபால் நிலையத்துக்குத் திரும்பியது. அங்கே அதன் மேலுறை ஜேம்ஸ் ஸ்மித் என்பவர் கண்ணில் பட்டது. சின்ன வயதில் டர்பினுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர். கையெழுத்து அவருக்குத் தெரிந்துவிட்டது.

பெயரை மாற்றினான், ஜில்லாவை மாற்றினான், தொழிலை மாற்றினான், எழுத்தின் சுழியை மாற்ற முடியவில்லை. ஸ்மித் யார்க்குக்கு வந்து ஆளை நேரில் பார்த்து, இவன் பாமர் இல்லை, டர்பின் என்று சொன்னார்.

தேதியில் ஒரு குழி இருக்கிறது, நாங்கள் விழுந்தோம். ஒரு புத்தகத்தில் பிப்ரவரி 1738/9 என்று போட்டிருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து நான் 1738 என்று எழுதச் சொல்லிவிட்டேன். அப்படியானால் சேவலைச் சுடுவதற்கு எட்டு மாதம் முன்பே சிறையிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறான்! கண்டுபிடித்தவள் அவள்தான், சுவரில் ஒட்டிய கோட்டில் வைத்துப் பார்த்து. விஷயம் என்னவென்றால், இங்கிலாந்தில் 1752க்கு முன் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறக்கும். ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பழைய ஆண்டின் வால். அதனால்தான் இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். டர்பினின் விசாரணை மார்ச் 22, தூக்கு ஏப்ரல் 7. நடுவில் பதினாறே நாள், ஆனால் பழைய கணக்கில் இரண்டு வேறு வருடம். 1752க்கு முந்தைய ஆங்கில ஆவணத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை எந்தத் தேதி வந்தாலும் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

விசாரணையில் இன்னொரு விஷயம் மகளுக்குக் கோபத்தை வரவழைத்தது. அவனுக்காக வாதாட வக்கீல் இல்லை, அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குற்றங்களுக்குக் குற்றவாளி தானே பேசிக்கொள்ள வேண்டியதுதான். வழக்கை எஸ்ஸெக்ஸுக்கு மாற்றுவார்கள் என்று நினைத்தேன், அதனால் சாட்சிகளை வரவழைக்கவில்லை என்றான். எடுபடவில்லை. கொலைக்காகவும் இல்லை, வழிப்பறிக்காகவும் இல்லை, லிங்கன்ஷயரில் ஹெக்கிங்டன் ஊரைச் சேர்ந்த தாமஸ் கிரீசி என்பவரின் குதிரைகளைத் திருடியதற்காகத் தூக்கு. குதிரைத் திருட்டுக்கு அன்று மரண தண்டனை. “அது அநியாயம்” என்றாள். நேற்றுவரை இவள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி இடத்தில் அப்பாக்கள் வாயை மூடிக்கொள்வது நல்லது.

தூக்கிலிட்ட இடம் நேவ்ஸ்மைர். ஊருக்கு வெளியே, டாட்காஸ்டர் சாலை ஓரம் ஒரு கல் பதித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே குதிரைப் பந்தயத் திடல், பந்தய நாளில் போகாதீர்கள், நடக்க இடம் இருக்காது. அங்கே பந்தயம் தொடங்கியது 1731இல். அப்படியென்றால் அவனைத் தூக்கிலிட்டபோதே அது பந்தயத் திடல்தான், குதிரைத் திருடனுக்கு எப்படி ஒரு இடம் பாருங்கள். சாவதற்கு முன் புதுக் கோட்டும் செருப்பும் வாங்கியிருக்கிறான். 3 பவுன் 10 ஷில்லிங் கொடுத்து ஐந்து பேரைத் துக்கம் கொண்டாட ஏற்பாடு செய்திருக்கிறான். கூலிக்கு மாரடிப்பது என்று நாம் சொல்வதை அப்படியே செய்து காட்டியவன். தூக்கிலிட்டவனும் முன்னாளில் வழிப்பறிக்காரன். அவனோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஏணியிலிருந்து டர்பின் தானே குதித்தான் என்று அன்றைய செய்தி சொல்கிறது.

கல்லறையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிஷர்கேட்டில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்கு எதிரே ஒரு சின்னப் புல்வெளி, கோட்டையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை, கட்டணம் இல்லை. பிள்ளை களைத்த நேரத்தில் உட்காரவும் இடம் உண்டு. புதைத்த உடலை யாரோ தோண்டி எடுத்துப் போக, ஊர்மக்கள் மீட்டுக் கொண்டுவந்து மறுபடி புதைத்து, மேலே சுண்ணாம்பு போட்டார்களாம். கல்லில் ஜான் பாமர் என்ற பெயர்தான் முதலில் இருக்கிறது, அதற்கப்புறம்தான் ரிச்சர்ட் டர்பின், டிக்கின் முழுப் பெயர்.

அன்று ராத்திரி ஊரில் இருக்கும் என் அம்மாவோடு வீடியோவில் பேசினோம். மகள் தன் அரைகுறைத் தமிழில் ஆச்சிக்கு முழுக் கதையும் சொன்னாள். சேவல், சேறு, கடிதம், எல்லாம். குதிரைச் சவாரியைச் சொல்லவே இல்லை. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கவனமாகக் கேட்டாள்.

“ஏட்டி, அந்த வாத்தியாருக்கு எவ்வளவு கொடுத்தாங்க?”

“இருநூறு பவுன், ஆச்சி.”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “எழுதச் சொல்லிக் கொடுத்ததுக்கு நல்ல சம்பளந்தான்” என்றாள்.